காத்து போயிருச்சா?

பெரகல சந்தியில் லொறிக்காரர்கள் பிளேன்டீ குடித்து முடித்த கையோடு வண்டியை எடுத்துவிட மாட்டார்கள். என்ஜினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, காற்று மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். கீழே சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுக்க நிற்கும் கிளீனர் பையன் கேட்பான்: "அண்ணே, காத்து ஏறிருச்சா?"

"இன்னும் இல்லடா, பொறு."

முள் மேலே வந்த பிறகுதான் பார்க்கிங் பிரேக்கை விடுவார்கள். இந்தச் சந்தியில் அவசரப்பட முடியாது. கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி ஹல்துமுல்ல பக்கமாக மூச்சு வாங்க ஏறி இங்கே வந்து, கொஸ்லந்த, வெல்லவாய என்று மறுபடி இறங்கிப் போகிறது. இன்னொரு வீதி ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். டேங்கில் காற்று இல்லாமல் இறங்கக்கூடாது என்பதை இங்கே யாரும் யாருக்கும் புத்தகம் வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை.

நான் ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், காற்று லைன் வேலை செய்கிறவன். கொம்பிரசர், டேங்க், பைப், வால்வு, இவைதான் என் பிழைப்பு. லொறிக்காரர் கேட்கிற கேள்விக்கு நேர் எதிரான ஒரு கேள்வி எங்கள் வேலையில் இருக்கிறது. அதைக் கேட்க மறந்த ஒரு நாளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

முதலில் ஸ்டோரில் காற்றுக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்டோர்களில் அதற்கு வேலையே இல்லை. கொழுந்தை வாட்ட விசிறிக் காற்று, உருட்ட ரோலர், காய வைக்க அடுப்பு, பிறகு சல்லடை. தோமஸ் லிப்டன் 1890இல் தம்பேதென்னயில் கட்டிய ஸ்டோரைப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அழுத்தக் காற்று பிறகு வந்தது, முக்கியமாக கலர் சோர்ட்டரோடு. தூளுக்குள் கிடக்கும் சிவப்புக் காம்பை கமரா கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த அந்த நொடியில் ஒரு குட்டி வால்வு திறந்து, ஊசி முனை மாதிரியான காற்றால் காம்பைத் தட்டிவிடும். மெஷினுக்குள் அப்படி வரிசை வரிசையாக வால்வுகள். அவை டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருப்பது சிப்டிங் ரூமுக்குள் மழை பெய்கிற மாதிரிக் கேட்கும். அதோடு சேர்ந்து சாக்கு நிரப்பும் இடத்தில் கேட்டைத் திறந்து மூட ஒரு சிலிண்டர், சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்ள ஒரு சிலிண்டர் என்று காற்று உள்ளே வந்துவிட்டது.

எங்கள் ஆட்களுக்கு மெஷினைக் கண்டால் பயமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்டோரில் ரோதைமுனி சாமிக்குத் தேங்காய் உடைத்து வளர்ந்த சனம் நாங்கள். சுழலுகிற ரோதைக்குள் கை போனால் கை திரும்பாது என்று கண்ட தலைமுறைகள் கும்பிட்ட சாமி அது. ரோலர் சுழல்வது கண்ணுக்குத் தெரியும், அடுப்பு சுடுவது தோலுக்குத் தெரியும். காற்று மட்டும் பைப்புக்குள் சத்தமில்லாமல் நிற்கும். கரண்டை நிறுத்தினால் ரோலர் நிற்கிறது, விசிறி நிற்கிறது, வெளிச்சம்கூடப் போகிறது. காற்று நிற்பதில்லை. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில், டேங்கிலும் பைப்பிலும் சிலிண்டரிலும் அது அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததும் அதுதான். மேட்டுப்பக்கத்து ஸ்டோர் ஒன்று, பெயர் வேண்டாம். சாக்கு நிரப்பும் கேட்டுக்கு நான்தான் லைன் இழுத்திருந்தேன். சுவரோரம் ஒரு சாதாரண போல் வால்வு, அதற்குப் பிறகு ஃபில்டரும் ரெகுலேட்டரும், பிறகு சிலிண்டரை ஆட்டும் சொலினொய்ட் வால்வு. லீக் இல்லை, பார்க்கவும் அழகாக இருந்தது. நானும் திருப்தியாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

சில மாதம் கழித்து தூள் கட்டியாகி கேட் பாதியில் சிக்கிவிட்டது. அங்கே வேலை செய்த அக்கா கரண்டை நிறுத்தினார். போல் வால்வையும் மூடினார். சொல்லிக் கொடுத்ததை எல்லாம் சரியாகச் செய்தார். பிறகு கையை விட்டுக் கட்டியை உடைத்தார். கட்டி விலகியதும், அதுவரை தடைபட்டு நின்ற கேட் பட்டென்று ஓடி மூடிக்கொண்டது. இரண்டு விரல் நசுங்கியது. ஒன்று இன்னமும் முழுசாக மடங்காது.

மூடிய வால்வுக்குப் பின்னால் இருந்த காற்று எங்கே போகும்? போவதற்கு நான் வழி வைக்கவில்லை. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன சிலிண்டர், 6 பார் அழுத்தம். தள்ளுகிற பலம் சுமார் 120 கிலோ. இரண்டு சீமெந்து மூட்டைக்கும் மேல். அது ஒரு தகட்டின் ஓரத்தில் வந்து இறங்கினால் விரல் என்ன செய்யும்? அக்காவின் கவனக்குறைவு என்று ஸ்டோரில் பேசிக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. அவர் மூடச் சொன்னதை மூடினார். மூடினாலும் ஆபத்து தீராத வால்வை வைத்தவன் நான்.

எனக்கு வேலை பழக்கிய பிட்டர் மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "லொறிய பாத்திருக்கியாடா?" என்று கேட்டார். "ஓஸ் வெடிச்சு காத்தெல்லாம் போனா என்னாகும்?"

"நின்னுரும் மாமா."

"ஏன் நிக்குது? அத முதல்ல யோசி. அப்பறம் வால்வு மாட்டு."

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்குக் காற்று பிரேக் செய்தபோது, டிரைவர் காற்றை அனுப்பினால்தான் பிரேக் பிடிக்கும். நடுவில் ஓஸ் கழன்றால் பின்னால் இருக்கும் பெட்டிகளுக்குப் பிரேக்கே இல்லை. 1872இல் அவர் அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும்; காற்று குறைந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் சேமித்து வைத்த காற்று தானாகவே பிரேக்கைப் போடும். இன்றைக்குப் பெரகல இறக்கத்தில் போகும் பெரிய லொறிகளின் பார்க்கிங் பிரேக்கிலும் அதே யோசனைதான், சேமித்த காற்றின் இடத்தில் ஒரு தடித்த ஸ்பிரிங். காற்றுதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். (இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, சூடேறிப் பிடிக்காமல் போவது வேறு விஷயம், அதற்குச் சின்ன கியர்தான் மருந்து.)

அதாவது, காற்று போனால் என்ன ஆகும் என்பதை யோசித்துத்தான் அந்த பிரேக்கையே வடிவமைத்திருக்கிறார்கள். நான் லைன் இழுத்தபோது காற்று வந்தால் கேட் ஒழுங்காக ஆடுமா என்று மட்டும் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்த வால்வைக் கையில் எடுத்தாலும் இரண்டு விஷயம் யோசித்துவிட்டுத்தான் ஸ்பெனரைத் தொடுகிறேன். காற்று போனால் இந்த மெஷினில் எது அசையும், எது விழும்? காற்று திரும்பி வந்தால் எது பாயும்?

முதலாவதுக்குச் செய்தது சின்ன வேலை. சாதாரண போல் வால்வைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு துளை உள்ள போல் வால்வைப் போட்டேன். மூடினால் டேங்க் பக்கம் அடைபடும், மெஷின் பக்கம் நின்ற காற்று அந்தத் துளை வழியாக உஸ்ஸென்று வெளியே போய்விடும். விலை வித்தியாசம் கொஞ்சம்தான். கைப்பிடியில் பூட்டுப் போட ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மெஷினுக்குள் கையை விடுகிறவர் பூட்டிவிட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், மேசையில் அல்ல.

இந்த வால்வைத் திருப்பி மாட்டிவிட்ட இடங்களையும் பார்த்திருக்கிறேன். சாதாரண போல் வால்வை எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும், அந்தப் பழக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். துளை உள்ளதைத் திருப்பி மாட்டினால், மூடும்போது டேங்க் காற்றுதான் துளை வழியாக ஓயாமல் போகும். மெஷின் பக்கத்துக் காற்று அடைபட்டே நிற்கும். சத்தம் கேட்கிறது, அதனால் காற்று போகிறது என்று நம்பிக் கையை விடுவார்கள். ஒன்றும் மாட்டாததைவிட மோசம் இது. உடம்பில் அம்புக்குறி இருக்கிறது, அது மெஷினைப் பார்க்க வேண்டும். அம்புக்குறியை மட்டும் நம்பவும் கூடாது. மாட்டி முடித்ததும் மூடிப் பார்த்து, மெஷின் பக்கத்து கேஜ் பூச்சியத்துக்கு இறங்குகிறதா என்று கண்ணால் காண வேண்டும். அதனால் மெஷின் பக்கத்தில் ஒரு கேஜ் கட்டாயம் வேண்டும். டேங்கில் இருக்கும் கேஜ் டேங்கைப் பற்றி மட்டும்தான் சொல்லும்.

கேஜ் பூச்சியம் காட்டியும் சிலிண்டருக்குள் காற்று நிற்கிற இடங்களும் உண்டு. நடுநிலையில் எல்லா வாயையும் அடைத்துக்கொள்ளும் சொலினொய்ட் வால்வு சிலவற்றில் இருக்கும். சிலிண்டரின் வாயிலேயே திரும்பவிடாத வால்வு சிலவற்றில் இருக்கும். சிலிண்டரை நடுவழியில் நிறுத்தி வைக்கத்தான் அவற்றைப் போடுகிறார்கள், அதனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அப்படியானால் அந்த இடத்திலேயே கையால் திறந்து காற்றை விட ஒரு குட்டி வால்வு வேண்டும். பாரத்தைத் தூக்கி நிற்கும் சிலிண்டரானால், காற்றை விடுவதற்கு முன்னால் பாரத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். காற்று போனால் அது விழும்.

இரண்டாவது கேள்வியில் பலரும் கோட்டை விடுகிறார்கள். காற்றை முழுசாக விட்டுவிட்டு, வேலை முடிந்து மறுபடி திறக்கும்போது சிலிண்டர் வழக்கத்தைவிட வேகமாகப் பாயும். சிலிண்டரின் வேகத்தைக் குறைக்க நாம் போடும் திருகு வால்வு பெரும்பாலும் வெளியே போகும் காற்றைத்தான் மட்டுப்படுத்துகிறது. எதிர்ப்பக்கத்தில் காற்றே இல்லாதபோது அது எதை மட்டுப்படுத்தும்? முதல் அடி தடையில்லாமல் வந்து மோதும். இதற்காகவே காற்றை மெதுவாக ஏற்றிவிடும் வால்வு ஒன்று விற்கிறது. வாங்க வசதியில்லாத இடத்தில், போல் வால்வை ஒரே இழுப்பாகத் திறக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக, கேஜைப் பார்த்துக்கொண்டே திறக்கப் பழக்க வேண்டும். திறப்பதற்கு முன்னால் "காத்து விடுறேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சிப்டிங் ரூம் சத்தத்தில் ஒரு தடவை சொன்னால் கேட்காது. கேட்டவர் கையைத் தூக்கிக் காட்டும்வரை திறக்கக்கூடாது.

இனி எங்கள் மலைக்கே உரிய தொந்தரவு. தண்ணீர்.

ஹப்புத்தளைப் பக்கம் பனி ஸ்டோருக்குள்ளேயே வந்துவிடும். கொம்பிரசர் குடிப்பது அந்த ஈரக் காற்றைத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 1 கன மீட்டர் காற்றை இழுக்கும் ஒரு நடுத்தரக் கொம்பிரசர் 8 மணித்தியாலம் ஓடினால் 480 கன மீட்டர். ஈரமான நாளில் 18 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டருக்குள் 13, 14 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். மொத்தம் ஆறரை லீட்டர். காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்கினால் அவ்வளவு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க அதனால் முடியாது. ஒரு ஷிப்டில் சுமார் 5 லீட்டர் தண்ணீர் டேங்கிலும் பைப்பிலும் விழுகிறது. டேங்கின் அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறக்காமல் ஒரு வாரம் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். துரு கலந்த அந்தச் சிவப்புத் தண்ணீர் முதலில் போய்ச் சேருவது சொலினொய்ட் வால்வின் வயிற்றுக்குள். அங்கே தேயிலைத் தூசியோடு சேர்ந்து பசையாகி, வால்வு பாதியில் ஒட்டிக்கொள்ளும். பாதியில் ஒட்டிய வால்வு எப்போது விடுபடும் என்று யாராலும் சொல்ல முடியாது. தூள் கெடுவது ஒரு பக்கம், கை போவது இன்னொரு பக்கம்.

அதனால் பைப் இழுக்கும்போதே தண்ணீருக்கு வழி வைக்கிறேன். மெயின் பைப் காற்று போகும் திசையில் 100 அடிக்கு 1 அடியாவது சரிய வேண்டும். கடைசி முனையில் கீழே இறங்கும் ஒரு துண்டும் வடிகால் வால்வும். மெஷினுக்குப் பிரியும் கிளையை மெயின் பைப்பின் மேல் பக்கத்திலிருந்து எடுத்து, வளைத்துக் கீழே இறக்க வேண்டும். அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் தண்ணீருக்குப் பீலி போட்டுக் கொடுத்த மாதிரி. பீலியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்களுக்கு இதை ஒரு தடவை சொன்னால் போதும், உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். இங்கே காற்று மெலிசு, கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய 85 சதவீதம்தான். கொழும்பில் பத்து லீட்டர் தரும் என்று எழுதிய கொம்பிரசர் இங்கே எட்டரை லீட்டருக்குச் சமமான காற்றைத்தான் தரும். இது தெரியாமல் அளவு குறைந்த மெஷினை வாங்கிவிட்டு, காற்று பற்றவில்லை என்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அழுத்தம் ஏறினால் லீக்கும் ஏறும். 7 பாரில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று செக்கனுக்கு 10 லீட்டர் அளவு காற்றைக் குடித்துவிடும். அதற்கான கரண்ட் காசு மாசாமாசம் போகிறது, சத்தமில்லாமல்.

லீக் என்றால் திரட், அதாவது பைப் முனையின் புரி. எங்கள் கடைகளில் கிடைப்பது பிரிட்டிஷ் திரட். சில மெஷின்கள் அமெரிக்கத் திரட்டோடு வந்து இறங்கும். அரை இஞ்சியிலும் முக்கால் இஞ்சியிலும் இரண்டுக்குமே ஒரு இஞ்சிக்கு 14 புரி, அதனால் ஒன்றுக்குள் ஒன்று ஏறும், இறுகின மாதிரியும் இருக்கும். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. எவ்வளவு டேப் சுற்றினாலும் சரிவராது, ஒரு நாள் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று சுற்றில் விரலால் ஏறாமல் அடம்பிடித்தால் ஸ்பெனர் போடாதீர்கள், கழற்றிப் பாருங்கள். டேப் சுற்றும்போது முனையில் முதல் புரியை வெறுமனே விட வேண்டும். இல்லாவிட்டால் டேப்பின் பிசிறு உள்ளே போய் வால்வின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். வால்வை மாட்டுவதற்கு முன்னால், முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பைப்பைக் குறைந்த காற்றில் ஒரு தடவை ஊதிவிட வேண்டும். புது பைப் வெட்டிய இரும்புத் துகள் எவ்வளவு வரும் என்று பார்த்தால் அதற்குப் பிறகு ஊதாமல் மாட்ட மனம் வராது.

பி.வி.சி. பைப்பில் காற்று லைன் இழுக்கச் சொல்லி எனக்கு வேலை வந்திருக்கிறது. மலிவு, ஒட்டுவது லேசு. நான் செய்ய மாட்டேன். பைப்பின் மேல் அச்சடித்திருக்கும் அழுத்தம் தண்ணீருக்கானது. தண்ணீர் பைப் வெடித்தால் பீறிட்டு ஊற்றிவிட்டு அடங்கும், காற்று பைப் வெடித்தால் கண்ணாடி மாதிரிச் சில்லுச் சில்லாகப் பறக்கும். அந்த வேலை வேறு ஒருவர் கைக்குப் போனது. போகட்டும் என்று என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அந்த ஸ்டோர் டீமேக்கரிடம் இரண்டு தடவை போய்ச் சொன்னேன்.

டேங்கின் பாதுகாப்பு வால்வைப் பற்றி ஒன்றே ஒன்று: டேங்குக்கும் அதற்கும் நடுவில் எந்த வால்வும் வரக்கூடாது. "கழுவக் கழற்ற வசதியா இருக்கும்" என்று நடுவில் ஒரு போல் வால்வு போட்டதைப் பார்த்து எனக்கு நெஞ்சு படபடத்தது. யாரோ ஒருவர் மூடிவிட்டு மறந்தால் அந்த டேங்க் ஒரு குண்டு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்று டேங்கைப் பற்றியும் பேசுகிறது. பாதுகாப்பான அழுத்தத்தைக் கண்ணில் படும்படி எழுத வேண்டும், பாதுகாப்பு வால்வும் கேஜும் வடிகாலும் வேண்டும் என்கிறது. எண்பது வருடம் தாண்டிய சட்டம். டேங்கைத் தொடுவதற்கு முன்னால் இந்த நாலும் இருக்கிறதா என்று பார்ப்பது என் முதல் வேலை.

எழுதி வைப்பது என்றதும் இதையும் சொல்ல வேண்டும். மெஷினோடு வரும் எச்சரிக்கைத் தகடு இங்கிலீசில் இருக்கும், சில நேரம் சீனத்தில். ஸ்டோரில் மாட்டுவது பெரும்பாலும் சிங்களத்தில். அந்த மெஷினில் நிற்பவர் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு அக்கா. விரல் நசுங்கிய இடத்தில் இருந்த தகட்டில் "காற்றை வெளியேற்றிய பிறகே கை வைக்கவும்" என்பதற்கான வசனம் இருந்தது. அது அவருக்குப் புரியாத பாஷையில் இருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை. இப்போது நான் வால்வு மாட்டினால் பெயின்ட் டப்பாவையும் கொண்டுபோகிறேன். திறந்த பக்கம், மூடிய பக்கம், காற்று விடும் துளை எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும். சிங்கள எழுத்தை வேலைக்கு வரும் பண்டாரவளைத் தம்பி எழுதுவான், அவன் எழுத்து அழகு.

அந்த அக்கா கை ஆறி மறுபடி அதே ஸ்டோருக்கு வந்தார். புது வால்வு மாட்டி முடித்த அன்றைக்கு அவரைக் கூப்பிட்டு மூன்று தடவை மூடித் திறந்து காட்டினேன். உஸ்ஸென்ற சத்தத்துக்கு முதல் தடவை பின்னால் நகர்ந்தார். மூன்றாவது தடவை அவரே மூடினார். பூட்டைப் போட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கையை உள்ளே கொண்டுபோகப் பார்த்தவர் நின்றார்.

"தம்பி, காத்து போயிருச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. கேஜைக் காட்டினேன். அவர் குனிந்து, முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு கையை வைத்தார்.